ரப்பர் குழாய் எண்ணாத மனிதர்கள்: டைம்ஸ் ஸ்கொயர் மாறிய கதை

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட்ல ரோடு போடுறதைப் பத்திப் பேசப் போறோம். தார், ஜல்லி, ரோலர் எல்லாம் இல்லை. அதுக்கும் முன்னாடி, ஆபீசில் உட்கார்ந்து ஒரு தெரு எப்படி இருக்கணும்னு முடிவு பண்றாங்க பாருங்க, அந்த வேலை. நான் சாஃப்ட்வேர் ஆள், சிவில் ஆள் இல்லை. ஆனா ஒரு டிசைன் எந்த இடத்துல தப்பாப் போகும்ங்கிறது ரெண்டு துறைக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

ஒரு சின்ன கருவியிலிருந்து ஆரம்பிக்கலாம். ரோட்டின் குறுக்கே கறுப்பா, விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாயைப் போட்டு, ரெண்டு பக்கமும் ஆணி அடித்து வைத்திருப்பார்கள். வண்டிச் சக்கரம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று அழுந்தும். ஓரத்தில் இருக்கும் பெட்டி அந்த அழுத்தத்தை ஒரு எண்ணிக்கையாகப் பதிவு செய்துகொள்ளும். இத்தனை மணிக்கு இத்தனை வண்டி. ரொம்ப எளிமையான, மலிவான, நம்பகமான கருவி. ஒரே ஒரு விஷயம், தெருவில் நடந்து போகிறவரை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. நடைபாதையில் பத்தாயிரம் பேர் போனாலும் அந்தப் பெட்டியில் பூஜ்யம்தான்.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: ஒரு தெருவின் வடிவத்தை வரைபடம் முடிவு செய்வதில்லை. வரைபடத்துக்கு முன்னால் எதை எண்ணினோம் என்பதுதான் முடிவு செய்கிறது. இதற்கு நல்ல சாட்சி நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர்.

ஒரு தெரு எப்படி டிசைன் ஆகிறது?

அமெரிக்க நகரங்களில் ஒரு தெருவை மேம்படுத்தணும்னா நடைமுறை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் பிரச்சினை என்ன என்று எழுதுவார்கள். அடுத்து சர்வே: நிலத்தின் மட்டம், கட்டட எல்லை, நிலத்துக்கு அடியில் போகும் தண்ணீர், கழிவுநீர், மின்சார, கேஸ் இணைப்புகள். கூடவே போக்குவரத்துக் கணக்கெடுப்பு. பிறகு இருபது வருடம் கழித்து எத்தனை வண்டி வரும் என்று ஒரு கணிப்பு. அதற்கு ஏற்ற மாதிரி ரெண்டு மூணு மாற்று யோசனைகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் 30 சதவீத வரைபடம், 60 சதவீதம், 90 சதவீதம் என்று கட்டம் கட்டமாக வளர்ப்பார்கள். கடைசியில் எஸ்டிமேட், டெண்டர், கட்டுமானம்.

பார்க்க ஒழுங்கான நடைமுறைதான். பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதும் உண்டு. ஆனால் தெருவின் அகலத்தில் யாருக்கு எவ்வளவு என்ற முக்கியமான பங்கீடு 30 சதவீதக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு போய் "நடைபாதை இன்னும் ரெண்டு மீட்டர் வேணும்" என்று கேட்டால் வடிகால் நகரணும், மின்கம்பம் நகரணும், எஸ்டிமேட் மாறணும். டேட்டாபேஸ் டிசைன் முடிஞ்ச பிறகு ரெக்கொயர்மென்ட்டை மாத்துற மாதிரி. யாரும் சம்மதிக்க மாட்டாங்க.

சரி, அந்த முதல் பங்கீடு எதை வைத்து நடக்கிறது? இங்கேதான் வரலாறு வருது. 1950-ல் அமெரிக்காவில் 'ஹைவே கெப்பாசிட்டி மேனுவல்' என்ற கையேடு வெளியானது. ஒரு சாலை மணிக்கு எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்த புத்தகம். 1965-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 'லெவல் ஆஃப் சர்வீஸ்' என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. ஏ முதல் எஃப் வரை, பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி. பின்னால் வந்த பதிப்புகளில் சிக்னல் சந்திப்புகளுக்கு இந்த கிரேடு, ஒரு வண்டி சராசரியாக எத்தனை நொடி காத்திருக்கிறது என்பதை வைத்துத் தரப்பட்டது. 10 நொடிக்குள் இருந்தால் ஏ. 80 நொடியைத் தாண்டினால் எஃப்.

"ஒரு வண்டிக்கு" என்ற வார்த்தையைக் கவனிங்க. ஐம்பது பேர் இருக்கும் பஸ்ஸும் ஒரு வண்டி. ஒருத்தர் மட்டும் ஓட்டிட்டுப் போற காரும் ஒரு வண்டி. சாலையைக் கடக்க ஓரத்தில் காத்திருக்கும் நூறு பேர் அந்தக் கணக்கிலேயே கிடையாது. நடப்பவர்களுக்கென்று தனி கிரேடு முறையும் பிறகு வந்தது. ஜான் ஃப்ரூயின் என்ற பொறியாளர் 1971-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் ஒரு சந்திப்பு பாஸா ஃபெயிலா என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் வண்டிகளின் கிரேடைத்தான் பார்த்தார்கள். எஃப் வாங்கிய சந்திப்பை சரி செய்ய எளிய வழி இன்னொரு லேன் போடுவது. அந்த இடம் எங்கிருந்து வரும்? நடைபாதையிலிருந்து. அந்தப் பொறியாளர்கள் கெட்டவர்கள் இல்லை. கொடுத்த கணக்கை ஒழுங்காகப் போட்டார்கள், அவ்வளவுதான்.

குறுக்கே ஓடும் பழைய பாதை

இப்ப நியூயார்க்குக்கு வருவோம். மன்ஹாட்டன் தீவுக்கு 1811-ல் ஒரு நகரத் திட்டம் போட்டார்கள். வடக்கு தெற்காக 12 அவென்யூக்கள், குறுக்கே 155 தெருக்கள். கட்டம் போட்ட நோட்டு மாதிரி. ஆனால் அந்தக் கட்டங்களுக்கெல்லாம் முன்னாலிருந்தே, அந்த மண்ணின் பூர்வகுடிகள் நடந்த ஒரு தடம் அங்கே இருந்தது. அதன் வழியே வளர்ந்த தெருதான் பிராட்வே. கட்டங்களை மதிக்காமல் குறுக்குவாட்டில் வெட்டிக்கொண்டு போகிறது. அது அவென்யூக்களை வெட்டும் இடங்களில் முக்கோணமும் கோணலுமாக வெட்டவெளிகள் உருவாயின. யூனியன் ஸ்கொயர், மேடிசன் ஸ்கொயர், ஹெரால்ட் ஸ்கொயர் எல்லாம் அப்படி வந்தவைதான். 7-வது அவென்யூவை வெட்டும் இடத்துக்கு லாங்ஏக்கர் ஸ்கொயர் என்று பெயர். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அங்கே கட்டடம் கட்டிக்கொண்டிருந்த 1904-ல், அது டைம்ஸ் ஸ்கொயர் ஆனது.

இந்தக் குறுக்குவெட்டு பார்க்க அழகு. சிக்னலுக்கோ பெரிய தலைவலி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் புரிதலுக்காக மட்டும். ஒரு சிக்னல் சுற்று 90 நொடி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண சந்திப்பில் ரெண்டு திசை. ஒவ்வொரு முறை மாறும்போதும் மஞ்சள், சிவப்பு என்று 5 நொடி வீணாகும். ஆக 10 நொடி போக மிச்சம் 80. ஆளுக்கு 40 நொடி பச்சை. அதே இடத்தில் மூணாவதாக ஒரு தெரு குறுக்கே வந்தால் 15 நொடி வீண். மிச்சம் 75. ஆளுக்கு 25 நொடிதான். மூணாவது தெரு தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, மாறும் நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

அப்ப, அந்த மூணாவது தெருவை எடுத்துட்டா? மத்த ரெண்டுக்கும் 25 நொடி மறுபடி 40 ஆகும். ஒரு ரோட்டை மூடினால் வண்டிகள் வேகமாகப் போகலாம்! கேட்க முரணா இருக்கும், கணக்குல முரணே இல்லை. இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

எண்ணத் தெரிந்தவர்கள்

நடப்பவர்களை எண்ணும் பழக்கம் பெரிய அளவில் வளர்ந்தது டென்மார்க்கில். 1962 நவம்பரில் கோபன்ஹேகன் நகரம் ஸ்ட்ரோயெட் என்ற கடைவீதியில் சோதனையாகக் கார்களை நிறுத்தியது. வியாபாரம் படுத்துவிடும், இந்தக் குளிரில் யார் தெருவில் உட்காருவார்கள் என்றெல்லாம் எதிர்ப்பு வந்தது. ரெண்டே வருடத்தில், 1964-ல், அது நிரந்தரமானது. அந்தத் தெருவில் யான் கெல் என்ற இளம் கட்டடக் கலைஞர் குறிப்பேட்டோடு போய் நின்றார். எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்த மாதம் கூடுகிறது என்று எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கணக்கெடுப்பு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ரப்பர் குழாய் செய்யாத வேலையை ஒரு மனிதர் பேனாவோடு செய்தார்.

அமெரிக்காவில் அதே மாதிரி வேலையை 1970-களில் செய்தவர் வில்லியம் வைட். நியூயார்க்கின் சின்னச் சின்னத் திறந்தவெளிகளில் கேமராவை வைத்துப் படம் பிடித்து, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்தார். அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் ரொம்ப எளிமையானது. நகர்த்தக்கூடிய நாற்காலியை மக்களுக்குப் பிடிக்கிறது. உட்காரும் முன் அதை அரை அடியாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

இதே நியூயார்க்கில் 1971 ஏப்ரலில் மேயர் ஜான் லிண்ட்சே ஒரு சோதனை செய்தார். மேடிசன் அவென்யூவின் ஒரு பகுதியில் ரெண்டு வாரம், மதிய வேளையில் மட்டும் கார்களை நிறுத்தினார். தெரு முழுக்க ஜனம். இதை நிரந்தரமாக்கணும் என்று திட்டமும் தயாரானது. ஆனால் சோதனை முடிந்த அன்றே தடுப்புகளை எடுத்துவிட்டார்கள், கார்கள் திரும்பி வந்துவிட்டன. அதன்பின் வரைபடம், ஒப்புதல், எதிர்ப்பு, வழக்கு என்று காலம் ஓடியது. டாக்ஸிக்காரர்களும் கடைக்காரர்களில் பலரும் எதிர்த்தார்கள். 1973-ல் நகரத்தின் நிதி மன்றம் திட்டத்தை நிராகரித்தது.

அந்தத் திட்டம் செத்த இடத்தைப் பாருங்க. சோதனைக்கும் முடிவுக்கும் நடுவில் இருந்த ரெண்டு வருடத்தில், மக்கள் கண்முன் இருந்தது பழைய தெருதான். புதிய தெரு வெறும் நினைவாக இருந்தது. வாக்கெடுப்பில் நினைவு ஜெயிப்பது கஷ்டம்.

2009: பெயின்டும் நாற்காலியும்

இனி மெயின் கதை. 2007-ல் நியூயார்க்கின் போக்குவரத்துத் துறை ஆணையராக ஜேனட் சாதிக்-கான் வந்தார். மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க். கோபன்ஹேகனில் எண்ணிய அதே யான் கெல்லை நியூயார்க்குக்கு அழைத்து, இங்கேயும் எண்ணச் சொன்னார்கள். டைம்ஸ் ஸ்கொயரில் நடைபாதை போதாமல் ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடப்பது தினசரிக் காட்சி. கண்ணால் பார்த்த விஷயம்தான். அது எண்ணாக மாறியபோதுதான் மேஜைக்கு வந்தது.

2009 பிப்ரவரியில் திட்டத்தை அறிவித்தார்கள். பெயர் 'கிரீன் லைட் ஃபார் மிட்டவுன்'. பெயரிலேயே பச்சை விளக்கு! டைம்ஸ் ஸ்கொயரில் 42-வது தெருவிலிருந்து 47-வது தெரு வரை, ஹெரால்ட் ஸ்கொயரில் 33-லிருந்து 35 வரை பிராட்வேயில் கார்கள் கிடையாது. மக்களுக்குச் சொன்ன முதல் காரணம், நாம் மேலே போட்ட அந்த சிக்னல் கணக்குதான். குறுக்கே போகும் தெருவை எடுத்தால் போக்குவரத்து வேகமாகும் என்றார்கள்.

வழக்கமான முறையில் போயிருந்தால் சர்வே, 30 சதவீதம், 60 சதவீதம் என்று வருடக்கணக்கில் இழுத்திருக்கும். இவர்கள் கட்டவே இல்லை. 2009 மே மாதக் கடைசியில் ஒரு விடுமுறை வாரத்தில் ஆரஞ்சு டிரம்களை நிறுத்தித் தெருவை மூடினார்கள். மேலே பெயின்ட். ஆர்டர் செய்திருந்த மேஜை நாற்காலிகள் அதற்குள் வந்து சேரவில்லை. அந்தப் பகுதி வணிகர் அமைப்பான டைம்ஸ் ஸ்கொயர் அலையன்ஸ் அவசரமாக ஒரு ஹார்டுவேர் கடையில் 376 மடக்கு நாற்காலிகளை வாங்கிப் போட்டது. ஒன்று ஏறக்குறைய 10 டாலர். தோட்டத்தில் போட்டு உட்காருவோமே, அந்த மாதிரி கலர் கலரா. நகர்த்தக்கூடிய நாற்காலி! வைட் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

டிரம்கள் வைத்த சில நிமிடங்களிலேயே மக்கள் நடுரோட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1971-க்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இந்தச் சோதனையைச் சாயங்காலம் மூட்டை கட்டவில்லை. அளவெடுத்து முடிவெடுக்கும் வரை தெரு அப்படியே இருந்தது. வேண்டாம் என்று முடிவானால், கையிலிருப்பதைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எந்த எண் ஜெயித்தது?

2010 தொடக்கத்தில் அறிக்கை வந்தது. நியூயார்க் டாக்ஸிகளில் அப்போது ஜிபிஎஸ் இருந்ததால், லட்சக்கணக்கான பயணங்களின் வேகத்தை ஒப்பிட முடிந்தது. 2008 இலையுதிர் காலத்தையும் 2009 இலையுதிர் காலத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மிட்டவுனின் மேற்குப் பகுதியில் வடக்கு நோக்கிய டாக்ஸிப் பயணங்கள் 17 சதவீதம் வேகமாகின. அடேங்கப்பா என்று அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் அது பொருளாதார மந்தம் அடித்த நேரம். திட்டமே இல்லாத கிழக்குப் பகுதியிலும் வேகம் 8 சதவீதம் கூடியிருந்தது. நல்ல ஆய்வு என்றால் இப்படி ஒரு ஒப்பீட்டுக் குழு வேண்டும். அதோடு, தெற்கு நோக்கிய பயணங்கள் 2 சதவீதம் மெதுவாகியிருந்தன. கிழக்கில் அதே திசையில் 3 சதவீதம் வேகம் கூடியிருந்தது.

ஏன் இப்படி? பிராட்வே தெற்கு நோக்கிய ஒருவழிப் பாதை. அதை மூடியதும் அந்த வண்டிகள் மற்ற தெற்குப் பாதைகளுக்குப் போக வேண்டியிருந்தது. வடக்கு நோக்கிய 6-வது அவென்யூவுக்கோ ஹெரால்ட் ஸ்கொயரில் பச்சை நேரம் சும்மா கிடைத்தது. ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் கொஞ்சம் நஷ்டம்.

ஆக, வாக்குறுதி கொடுத்த எண் பாதிதான் பாஸ். வேகத்தை மட்டும் எண்ணியிருந்தால் திட்டம் அங்கேயே தடுமாறியிருக்கும். ஆனால் வேறு சிலவற்றையும் எண்ணியிருந்தார்கள். திட்டப் பகுதியில் வண்டிகளில் இருப்பவர்களுக்கு ஏற்படும் காயங்கள் 63 சதவீதம் குறைந்திருந்தன. நடப்பவர்களின் காயங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. டைம்ஸ் ஸ்கொயரில் ரோட்டில் இறங்கி நடப்பவர்கள் 80 சதவீதம் குறைந்துவிட்டார்கள். 2010 பிப்ரவரியில் ப்ளூம்பெர்க் இதை நிரந்தரமாக்குவதாக அறிவித்தார். வேகத்தைச் சொல்லி ஆரம்பித்த திட்டத்தை, கடைசியில் காப்பாற்றியது உடையாத கை கால்கள்தான்.

இதைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன். அந்தக் காயங்களை எண்ணும் வேலையை முன்கூட்டியே திட்டத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால், அவை குறைந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது. எண்ணினால்தான் உண்டு.

பெயின்டிலிருந்து கான்கிரீட்டுக்கு

அதன்பிறகுதான் நிஜமான கட்டுமான டிசைன். ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ரோடு, நடைபாதை என்ற மட்ட வித்தியாசத்தை நீக்கி ஒரே தளமாக்கினார்கள். கான்கிரீட் கற்கள், நீளமான 10 கிரானைட் பெஞ்சுகள். அந்தப் பெஞ்சுகளுக்குள்ளேயே நிகழ்ச்சிகளுக்கான மின் இணைப்பு. சுமார் 5.5 கோடி டாலர் செலவில், 2017 வசந்தத்தில் முறைப்படி வேலை முடிந்தது. 376 நாற்காலிகளில் ஆரம்பித்து எட்டு வருடம்.

நடுவில் பிரச்சினையே இல்லையா என்றால், நிறைய. கார்ட்டூன் வேஷம் போட்டுப் படம் எடுக்கக் காசு கேட்பவர்களின் தொல்லை பெரிதாகி, 2015-ல் அடுத்த மேயரின் நிர்வாகம் பிளாசாவையே எடுத்துவிடலாமா என்று யோசித்தது. கடைசியில் 2016-ல் தரையில் கோடு போட்டு, இந்த இடம் நடக்க, இந்த இடம் வேஷக்காரர்களுக்கு என்று பிரித்தார்கள். தெரு திறந்த பிறகும் டிசைன் வேலை முடிவதில்லை. புரொடக்‌ஷனுக்குப் போன பிறகுதானே உண்மையான பக் எல்லாம் வருது!

2017 மே 18 அன்று ஒருவர் 7-வது அவென்யூவின் நடைபாதையில் காரை ஏற்றி வேகமாக ஓட்டினார். 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அந்தக் காரை நிறுத்தியது நடைபாதை ஓரத்தில் நட்டிருந்த இரும்புத் தடுப்புத் தூண்கள். அவை அங்கே இல்லையென்றால் கார் இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்குமோ.

எண்ணுவது மாறினால்

கையேட்டின் உலகமும் மெதுவாக மாறியிருக்கிறது. கலிஃபோர்னியா 2013-ல் ஒரு சட்டம் போட்டது. புதுத் திட்டங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும்போது வண்டிகளின் காத்திருப்பு நேரத்தை இனி கணக்கில் எடுக்கக் கூடாது, அந்தத் திட்டத்தால் மொத்தம் எத்தனை மைல் கார் ஓட்டம் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். 2020 ஜூலையிலிருந்து மாநிலம் முழுக்க அது நடைமுறை. ஒரே ஒரு அளவுகோலை மாற்றியதால், பழைய முறையில் ஃபெயில் ஆகக்கூடிய சைக்கிள் பாதை புதிய முறையில் பாஸ் ஆகிவிடும். அந்தச் சைக்கிள் பாதையின் ஒரு கோடுகூட மாறவில்லை.

நம்ம ஊரிலும் இதன் ஒரு கிளை உண்டு. 2019 நவம்பரில் திறந்த சென்னை பாண்டி பஜார் நடைபாதை வளாகமும், கட்டுவதற்கு முன் தற்காலிகத் தடுப்புகள் வைத்துச் சோதித்துப் பார்த்த தெருதான். அதைப் பத்தி விரிவாப் பேச தனி எபிசோடே வேணும்.

அதுக்குள்ள உங்க தெருவில் ஒரு வேலை செஞ்சு பாருங்க. ஒரு பேப்பர், ஒரு பேனா, பதினைந்து நிமிஷம். பள்ளிக்கூடம் விடும் நேரமா இருந்தா நல்லது. எத்தனை கார், எத்தனை பைக், பஸ்ஸில் சுமாரா எத்தனை பேர், நடந்து போறவங்க எத்தனை பேர், அதில் நடைபாதையில் போக முடியாமல் ரோட்டில் இறங்கியவர்கள் எத்தனை பேர். எண்ணி எழுதுங்க. அடுத்த முறை உங்க வார்டில் ரோடு வேலைன்னு கூட்டம் போட்டா, "நடக்க இடமில்லை சார்"னு சொல்றதுக்கும், "பதினைந்து நிமிஷத்துல இத்தனை பேர் ரோட்டுல இறங்கினாங்க சார்"னு தேதி போட்ட பேப்பரை நீட்டுறதுக்கும் இருக்கிற வித்தியாசம் அந்த மேஜையில தெரியும். அதை வரைபடம் முடியறதுக்கு முன்னாடி நீட்டுங்க.

எண்ணின கணக்கை எங்களுக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதை வாசிக்கிறேன். பார்த்து ரோட்டைக் கடங்க!